பாட்டு கேட்டால் வள்ளம் தள்ளலாம்

வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. சாத்தான்குளத்துலேந்து பஸ்ஸுலயா வந்தீங்க? வெயிலு மண்டையப் பொளந்திருக்குமே. சலேத்து! ஏ சலேத்து! வண்டி பாக்க அண்ணாச்சி வந்திருக்காவ, காப்பி போட்டுக் கொண்டா! அடுப்படியில நிப்பா, கொண்டாருவா. என் வீட்டுக்காரி.

வண்டியச் சுத்திப் பாத்துட்டீங்களா? பாத்ததச் சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். பதினெட்டு வருசம் ஓடுன பிக்கப்பு. ஐஸ் தண்ணியும் உப்புக் காத்தும் பட்ட வண்டில்லா, அடித்தகடு ரெண்டு தடவ மாத்தியிருக்கு. அத மறைக்க மாட்டேன். இஞ்சின்ல ஒரு குறை சொல்ல முடியாது. வாழத்தார் ஏத்துறதுக்குத்தான கேக்கீங்க? பேஷா இழுக்கும்.

ரேடியோவா? அது புதுசு அண்ணாச்சி. பென் டிரைவ் போடலாம், ரிமோட்டு உண்டு, சாவியத் திருப்புனா ஊதா லைட்டு எரியும். ரெண்டு வருசமாவுது மாட்டி. ஓடுனது என்னமோ ஒரே ஒரு வாரந்தான். பெறவு ஃபியூஸக் கழத்தி வச்சிட்டேன். இன்னைக்கு நீங்க வாறீங்கன்னுதான் காலையில ஃபியூஸ மாட்டி விட்டேன். பாடாத செட்டோட வண்டிய நிப்பாட்டுனா வாறவுக என்ன நெனப்பாவ?

ஏன் விக்கேன்னா கேக்கீங்க?

எல்லாரும் அதத்தான் கேக்காவ. பொய் சொல்ல மாட்டேன். இந்த ஊருல எங்கிட்ட ஐஸ் வாங்க மாட்டுக்கானுவ. பதினாலு வருசம் இந்தக் கடக்கரைக்கு நான்தான் ஐஸ் அடிச்சேன். மத்தியானம் ஒண்ணரைக்கு என் வண்டி வந்து நிக்காம ஒரு வள்ளம் கடல்ல எறங்குனது கெடையாது. இப்பம் பாருங்க, அந்தா தெரியுதுல்லா கோயிலுக்கு அந்தப் பக்கம், பச்ச வண்டி, அதுல வாங்குதானுவ. என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுதானுவ. நான் என்ன குத்தம் செஞ்சேன்? ஒரு ரேடியோ மாத்துனேன். வண்டி வச்சிருக்கவன் ரேடியோ மாத்துறது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்க.

பழைய ரேடியோவப் பத்திச் சொல்லணும், அப்பந்தான் வெளங்கும். வண்டி வாங்கும்போதே உள்ள இருந்த செட்டு அது. ரெண்டு குமிழு உண்டு. ஸ்டேஷன் மாத்துத குமிழு துருப்புடிச்சு ஒரே எடத்துல நின்னு போச்சு, கொறடு போட்டுத் திருகினாலும் அசையாது. சத்தத்துக்கு உள்ள குமிழு எப்பமோ ஒடஞ்சுது. அதனால எப்பவும் முழுச் சத்தந்தான். சாவியத் திருப்புனா கத்த ஆரம்பிச்சிரும், சாவிய எடுத்தாத்தான் வாய மூடும். ஒரே ஸ்டேஷன். நெல்லுக்கு என்ன உரம் போடணும், மாட்டுக்கு என்ன ஊசி போடணும், பெறவு சேதி, பெறவு கடல் சேதி. கடல் சேதின்னா, காத்து எப்படி இருக்கும், அலை எப்படி இருக்கும், மீன்புடிக்கப் போலாமா போவக்கூடாதான்னு சொல்லுவாம்லா, அது. மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு. அது முடிஞ்சு பாட்டு.

இப்பம் கவனமாக் கேளுங்க. ரோட்டு முனையில வண்டிய நிப்பாட்டி நான் ஐஸ் எறக்குவேன். வள்ளமெல்லாம் தண்ணி ஓரத்துல நிக்கும், எடையில நூறு நூத்தம்பது அடி மணலு. அலைச் சத்தத்துல ரேடியோக்காரன் பேசுறது அங்கன ஒருத்தனுக்கும் வெளங்காது. ஆனா பேச்சா பாட்டான்னு வெளங்கும். நல்ல நாளுன்னா கடல் சேதி ரெண்டே வரியில முடிஞ்சு பாட்டு வந்துரும். காத்து மழை வாற நாளுன்னா அந்த ஆளு பாட்டப் போட மாட்டான், அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருப்பான். அதனால இந்தப் பயலுவளுக்கு அது ஒரு வழக்கமாப் போச்சு. ஐஸ் வண்டியில பாட்டு கேட்டா வள்ளத்தத் தள்ளு. பேச்சே ஓடிக்கிட்டு இருந்தா வள்ளத்து நெழல்ல உக்காந்து சீட்டு விளையாடு. பதினாலு வருசமும் இப்படித்தான்.

நான் வச்ச வழக்கமா அது? அவனுவளா வச்சுக்கிட்டது. எங்கிட்ட ஒருத்தனாவது, ஏ சந்தியாகு, ஒன் ரேடியோவ நம்பித்தான் நாங்க கடலுக்குப் போறோம், பத்திரமா வச்சுக்கோன்னு சொன்னானா? சொல்லலியே. அவனுவளாக் கேட்டானுவ, அவனுவளாப் போனானுவ.

செல்போனா? கையில ஒண்ணு ரெண்டு பேருக்கு இருந்துச்சு. இந்தக் கரையில டவர் எங்க கெடச்சுது? கோயில் மணிக்கூண்டுல ஏறுனாத்தான் பேச முடியும். அவசரச் சேதின்னா மீன் ஆபீஸ்லேந்து சாமியாருக்குப் போன் வரும், அவரு கோயில் மைக்குல சொல்லுவாரு. அன்னைக்குப் பாத்து சாமியாரு மேற்றிராணியார், அதான் பிஷப்பு, அவரு வீட்டுக்குத் தியானத்துக்குப் போயிட்டாரு. அவர யாராவது ஒரு கேள்வி கேட்டானுவளா? கேக்க மாட்டானுவ. சந்தியாகுதான் இளிச்சவாயன்.

காப்பி இன்னும் வரலியே. சலேத்து!

பாலு தீந்திருக்கும், பக்கத்து வீட்டுல வாங்கப் போயிருப்பா.

சரி, ஏன் மாத்துனேன்னு கேக்கீங்க. ஐஸ் கம்பெனியில நாங்க ஏழெட்டு டிரைவருமாரு வரிசையில வண்டியப் போட்டுட்டு நிப்போம். எல்லா வண்டியிலயும் புதுப்பாட்டு அதிரும். நான் சாவியத் திருப்புனா, 'விவசாயப் பெருமக்களே'ம்பான். ஒடனே அத்தன பேரும் கையெடுத்துக் கும்புடுவானுவ. 'சந்தியாகு அண்ணன் உரம் போட வந்துட்டாரு'ம்பானுவ. பதினாலு வருசம் அண்ணாச்சி. மனுசனுக்கு ரோசம் இருக்காதா? ஒரு நாளு, போதும்னு முடிவு பண்ணி, காலையிலயே வண்டியத் தூத்துக்குடிக்கு விட்டேன்.

கடைக்காரத் தம்பி நல்ல வேலைக்காரன். பழைய செட்டு இருந்த பொந்து சின்னது, பிளேடு போட்டு அறுத்துப் பெருசாக்குனான். மஞ்ச வயரு பேட்டரிக்கு, செவப்பு வயரு சாவிக்குன்னு எனக்கே சொல்லிக் குடுத்துக்கிட்டு மாட்டுனான். மாட்டுறதுக்கு முன்னால ஒரு கேள்வி கேட்டான். 'அண்ணாச்சி, இதுல எஃப்எம் மட்டுந்தான் வரும். பழைய செட்டுல வந்த மீடியம் வேவ் ஸ்டேஷன் வராது. பரவால்லியா?'ன்னான். 'தம்பி, அந்தச் சனியன் வரக் கூடாதுன்னுதான் ஒன்னத் தேடி வந்திருக்கேன்'னேன். கடையில இருந்தவுக எல்லாரும் சிரிச்சாவ. ஏரியலு இனி எதுக்குன்னு அதையும் கழத்தச் சொல்லிட்டேன். பழசக் காயலான் கடைக்குப் போடவான்னு கேட்டான். எனக்கு ஒரு பொருளத் தூரப் போட மனசு வராது. ரெண்டையும் சாக்குல சுத்தி சீட்டுக்கு அடியில வச்சேன். பாட்டு அவனே பென் டிரைவுல ஏத்திக் குடுத்தான்.

நேரா ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஏத்துனேன். கடக்கரைக்கு வந்தேன்.

வரும்போது மணி ஒண்ணே முக்கால் தாண்டிட்டு. வானத்துல ஒரு மேகம் கெடையாது அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுதேன். காத்தே இல்ல. வள்ளக்காரன் எல்லாவனும் ஐஸுக்குக் காத்துக்கிட்டு நின்னான். புது செட்டு, மொத நாளு, கடக்கரையில நாலு பேரு பாக்க வேண்டாமா? சத்தத்தக் கூட்டி வச்சு ரெண்டு கதவையும் தொறந்து விட்டேன். கூடைக்காரனுவ ஐஸத் தூக்கிக்கிட்டு ஓடுனானுவ. என் மச்சினன் கஸ்பாரு, சலேத்துக்குக் கூடப்பொறந்த தம்பி, அவன் வள்ளந்தான் எப்பவும் மொதல்ல எறங்கும். அம்மையும் அப்பனும் போன பெறகு சலேத்துதான் அவன வளத்து ஆளாக்குனா. அவன் தண்ணி ஓரத்துல நின்னுக்கிட்டு என்னப் பாத்துக் காதுல கைய வச்சான். அப்படின்னா, கடல் சேதி முடிஞ்சிட்டா, என்ன சொன்னான்னு அர்த்தம்.

நான் என்ன செஞ்சேன்? அங்கனயிருந்து கத்துனா அவனுக்குக் கேக்கவா போவுது? வண்டியக் கையால காட்டுனேன். காட்டிட்டு, பாட்டுக்கு ஏத்தாப்புல ரெண்டு ஆட்டம் போட்டேன்.

சந்தோசந்தான், வேற என்ன? அத்தான் ஆடுறதப் பாத்து அவன் சிரிச்சான். இங்கனயிருந்தே பல்லு தெரிஞ்சுது. ஒரு கையத் தூக்கிக் காட்டிட்டு வள்ளத்துல தோள வச்சான். அவன் தள்ளுனதும் மத்தவன் தள்ளுனான். பத்து வள்ளம்.

நாலு மணிக்குக் கொண்டல் காத்து அடிச்சுது. நாலரைக்கு இந்த வீட்டு ஓடு பறந்துச்சு. நாங்க பாக்காத காத்தா? ஆனா அப்படி ஒண்ண நான் பாத்தது இல்ல. மறுநாளு சாயங்காலத்துக்குள்ள ஒம்பது வள்ளத்து ஆளுவளும் கரைக்கு வந்துட்டாவ. ஒண்ணு மணப்பாட்டுல ஒதுங்குச்சு, ஒண்ணு நடுக்கடல்ல கவுந்து ஆளுவ மட்டும் தப்புனாவ, எப்படியோ எல்லாரும் உசுரோட வந்துட்டாவ. கஸ்பாரு வரல. அவங்கூடப் போன ரெண்டு பேரும் வரல. இன்னைக்கு வரைக்கும் ஒரு பலகை கூடக் கெடைக்கல.

ஒரு வாரம் இந்த வண்டியிலதான் கரை கரையாத் தேடுனேன். மொத நாளு பாட்டப் போட்டுக்கிட்டே போனேன் அண்ணாச்சி. எங்கயாவது அலையில ஒதுங்கிக் கெடந்தான்னா, அத்தான் வண்டின்னு தெரிஞ்சுக்கிடுவாம்லா? போற ஊருல எல்லாம் ஆளுவ என்ன ஒரு மாதிரியாப் பாத்தாவ. பெறவு சத்தத்தக் கொறச்சேன். ஏழாம் நாளு ஃபியூஸப் புடுங்கிட்டேன். எனக்கு மட்டும் மனசு இல்லியா? இந்தத் தோளுல தூக்கிட்டுப் போயிதான் அவன மொத மொதப் பள்ளிக்கூடத்துல விட்டேன். சில நாளு சோறு எறங்க மாட்டுக்கு.

அதுக்குப் பெறவுதான் கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டானுவ. சாமியாரு நடுவுல இருந்தாரு. 'சந்தியாகு, அன்னைக்குப் பாட்டு ஓடுச்சே, அது ரேடியோப் பாட்டு இல்லன்னு நீ ஏன் சொல்லல?'ன்னு கேட்டானுவ. நீங்க அதக் கேட்டுத்தான் வள்ளத்தத் தள்ளுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்ன்னேன். 'காத்து வாறது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?'ன்னு ஒருத்தன் கேட்டான். தெரியாதுன்னேன். சாமியாரு சிலுவைய நீட்டுனாரு. தொட்டுச் சொன்னேன்.

அப்பம் பொம்பளைங்க பக்கத்துலேந்து சலேத்து எந்திரிச்சா. தம்பியப் பறிகொடுத்தவ, முப்பது நாளா வாயத் தொறக்காதவ, எந்திரிச்சு நின்னு சொன்னா. 'எம் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா? எந்தம்பிய அனுப்பிட்டு ஆடிக்கிட்டு நிப்பாரா? இனி ஒருத்தன் அவரக் கேள்வி கேட்டா எங்கிட்ட வந்து கேளு'ன்னா. ஐஸ் வாங்கலியே தவிர அன்னையிலேந்து ஒருத்தனும் என் வாசல்ல வந்து ஒரு வார்த்த கேட்டதில்ல. அவளுக்காகத்தான். ஊரு முழுக்க என்னத் தள்ளி வச்சாலும் எம்பக்கம் நிக்கிறவ அவ ஒருத்திதான் அண்ணாச்சி. அவ நிக்கிறதாலதான் நானும் இந்த ஊருல நடமாடுதேன்.

அவகிட்ட உள்ள ஒரே கோளாறு என்னன்னா, அந்தப் பழைய ரேடியோ. வண்டி சீட்டுக்கு அடியில சாக்குல கெடந்துச்சா, அத எடுத்து, கஸ்பாரு வீட்டுல கெடந்த லைட்டு பேட்டரியில கொடுத்து, ஏரியல ஓட்டுல சொருவி வச்சிருக்கா. அந்தா பாருங்க, முகட்டுல கம்பி தெரியுதுல்லா. தினமும் மத்தியானம் ஒண்ணே முக்காலுக்குப் போடுவா. அதே ஸ்டேஷன், அதே கத்தல். கடல் சேதியக் கேப்பா. கேட்டுட்டு வெளிய வந்து, நல்லதுன்னா முந்தானைய இடுப்புல சொருவிக்கிட்டு உள்ள போயிருவா. காத்துன்னா ஒரு செவப்புத் துண்டக் கம்புல கட்டி வாசல்ல நட்டுருவா. துண்ட நட்டா ஒரு வள்ளம் எறங்காது. இந்தா, இப்பக் கூடப் பாருங்க. ஐஸ் ஏத்திட்டு அம்புட்டுப் பேரும் இந்தப் பக்கமாத்தான் பாத்துக்கிட்டு நிக்கானுவ. நம்மள இல்ல. அவளத்தான்.

மணி என்ன இப்பம்? ஒண்ணே முக்கால் ஆவப் போவுதா? அப்பச் சரி, இந்தா கேக்கும் பாருங்க. தெரு முக்கு வரைக்கும் கேக்கும்.

நீங்க வெளியூரு, நாளைக்கு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருவீங்க. அதனால ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்கு ஐஸ் கம்பெனியில நடந்தத. ஒரு ஆத்தாமைக்குத்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. முப்பத்தஞ்சு பாரு ஐஸ் வண்டியில ஏத்தி, உமி போட்டு, சாக்க மூடி முடிக்கும்போது மேஸ்திரி வந்தாரு. 'சந்தியாகு, கடலுக்குப் போவக் கூடாதாம், காத்து வரப் போவுதாம், இப்பத்தான் ரேடியோவுல சேதிக்கு நடுவுலயே சொன்னான்'னாரு. நான் என்ன செய்ய? ஏத்துன ஐஸக் கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டான், அது எல்லா எடத்துலயும் உள்ள வழக்கம். கொண்டு போறதக் கொண்டு போவோம், அவனுவளுக்குத் தெரியாமயா இருக்கும்ன்னு நெனச்சேன். மேஸ்திரியும் 'வருது'ன்னா சொன்னாரு? 'வரப் போவுதாம்'ன்னுதான சொன்னாரு. ஒருத்தர் சொல்லக் கேட்டுக்கிட்டு இன்னொருத்தர் சொல்லுதது, அதப் போயித் தெரிஞ்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? அதனாலதான் சிலுவையத் தொட்டேன். பொய் சொல்லல. அந்த மேஸ்திரியும் வேலைய விட்டுச் சொந்த ஊருக்குப் போயிட்டாரு. இனி யாருக்குத் தெரியப் போவுது?

கஸ்பாரு காதுல கைய வச்சப்பம் ஒரு நிமிசம் தோணுச்சு அண்ணாச்சி. அதையும் சொல்லிருதேன். ஓடிப் போயிச் சொல்லிருவமான்னு தோணுச்சு. நூத்தம்பது அடி மணலு. பாட்டு வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாவ. புது செட்டு.

ம். விடுங்க. வெலையப் பேசுவோம்.

மணி பாத்துச் சொல்லுங்க. ரெண்டு அடிக்கப் போவுதா? இன்னும் போடலியே அவ. ரெண்டு வருசத்துல ஒரு நாளு தப்புனதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பக் கூட எந்திரிச்சு வந்து போட்டா. பேட்டரி போயிட்டோ என்னவோ. காப்பியவும் காணும்.

அங்க பாருங்க, ஒருத்தனும் அசைய மாட்டுக்கானுவ. வள்ளத்துல கைய வச்சுக்கிட்டு இங்கனயே பாத்துக்கிட்டு நிக்கானுவ.

என்ன அண்ணாச்சி? ஏன் எனக்குப் பின்னாலயே பாக்கீங்க?

சலேத்து. நீ எப்பம் வந்த? காப்பிய அங்கன திண்டுல வச்சிட்டு ஏன் நிக்க? ஆறிப் போச்சே. அண்ணாச்சிக்குச் சூடாப் போட்டு...

என்ன? 'ஐஸ் கம்பெனியில ஒமக்கு என்ன சொன்னாவ'ன்னா கேக்க? யாரு சொன்னா? எனக்கு யாரு என்ன சொன்னா? நான் வண்டி வெலையல்லா பேசிக்கிட்டு இருக்கேன். அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நான் ஏதாவது சொன்னேனா ஒங்ககிட்ட? பழைய ரேடியோவப் பத்தித்தான சொன்னேன்? வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணாச்சி, நான் சொன்னா நம்ப மாட்டா. ஏன் எந்திரிக்கீங்க? பஸ்ஸு இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்.

சலேத்து, அப்படிப் பாக்காத. நீயும் அப்படிப் பாத்தா நான் எங்க போவேன்? உள்ள போ. போயி ரேடியோவப் போடு. கடக்கரையில அவனுவ காத்துக்கிட்டு நிக்கானுவ, ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டு நிக்கானுவ. யாராவது போயிச் சொல்லணும்லா?